கோடரியின் தரமறிதல்

கருவிகளுள் கோடரியைப் போல் எளிய அமைப்புடையது பிறிதொன்றைக் காண்டல் அரிது. ஓர் இரும்புத் தலை, அதன் துளையிற் புகுத்திய ஒரு மரக்காம்பு, இரண்டையும் இறுகப் பிணிக்கும் ஓர் ஆப்பு ஆகிய மூன்றே அதன் உறுப்புகள். பற்சக்கரமும் திருகாணியும் அதன்கண் இல்லை. அவ்வளவு எளிய பொருளாதலினாலேயே அதனை வாங்குவோர் ஆராயாது வாங்கிவிடுகின்றனர். கடிகாரம் வாங்குதற்கு நான்கு கடை ஏறி இறங்கும் ஒருவர், கோடரி வாங்குங்கால் அதைக் கையிலெடுத்து இருமுறை வீசிப் பார்த்து, விலையிற் சிறிது குறைக்கச் சொல்லி, எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். செய்து அனுப்புவோரும் நல்லதும் தீயதுமாகிய தலைகள் யாவற்றுக்கும் ஒரே கரிய வண்ணம் பூசி அனுப்பிவிடுகின்றனர். அவ்வண்ணத்தின் கீழிருப்பது யாது என்பதை அறியும் வழிகளை இங்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

கல்லூரி மாணவருக்குக் கோடரியைப் பற்றி என்ன கவலை என்று சிலர் வினவக்கூடும். வள்ளியூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் விறகு வெட்டியும், உடைமரம் தறித்துக் கரி சுட்டும் நாட்கூலியாற் குடும்பம் நடத்துவோர் பலர். நம் மாணவருள் சிலர் அவர்தம் பிள்ளைகளே. இயந்திர வாள் வந்துவிட்ட இந்நாளிலும் கிளை கழிப்பதற்கும், அடிவேர் பறிப்பதற்கும், விறகு பிளப்பதற்கும் கோடரியே துணை. வாய் மடங்கிப்போன கோடரியால் அரைநாள் வேலை கெடும். அரைநாட் கூலியும் உடன் போகும். அன்றியும், தலை கழன்று பறக்கும் கோடரி ஆளைக் கொல்லும். இது புதிதாகத் தோன்றிய அச்சமன்று. உபாகமம் 19-ஆம் அதிகாரத்திலே, காட்டில் மரம் வெட்டுகையில் இரும்பு காம்பைவிட்டுக் கழன்று அயலான்மேற் பட்டு அவன் இறந்தால், வெட்டியவன் அடைக்கலப் பட்டணத்துக்கு ஓடிப் பிழைக்கலாம் என்று விதி செய்யப்பட்டிருக்கிறது. சட்டத்தில் எடுத்துக்காட்டாகக் கூறத்தக்க அளவுக்கு அவ்விபத்து அன்று மக்கள் அறிந்ததாயிருந்தது போலும். இரண்டாம் இராஜாக்களின் ஆகமம் 6-ஆம் அதிகாரத்தில் யோர்தானில் விழுந்த கோடரியோ இரவலாக வாங்கியது. எலிசா தீர்க்கதரிசி அதனை மிதக்கச் செய்தார். அதிசயத்தை எண்ணி வியக்கும் நாம், அக்கோடரிக்கு ஆப்பு சரியாக இறுக்கப்பெறவில்லை என்பதை எண்ணுவதில்லை!

தலையையும் காம்பையும் பிணைப்பது எவ்வாறு என்பதே கோடரி செய்தோரின் முதற் சிக்கல். நம் பொருநையாற்றங்கரை இவ்வகையில் மிகப் பழைமை வாய்ந்தது. ஆதிச்சநல்லூரில் 1876-ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்து ஜாகர் என்பவரும், 1899 முதல் 1905 வரை அலெக்ஸாண்டர் ரீ என்பவரும் தாழிகளை அகழ்ந்தபோது, வாள் வேல் முதலியவற்றோடு இரும்புக் கோடரிகளும் கிடைத்தன. அதே ஆற்றுப் படுகையைச் சார்ந்த சிவகளையிற் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு, இரும்பின் காலம் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டின் இறுதிப் பகுதி வரை எட்டுகிறது என்று தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 2025 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அறிஞருலகம் இக்காலக் கணிப்பை ஆராய்ந்து வருகிறது. காலம் எவ்வாறாயினும், இரும்புக்கால மக்கள் காம்பு பொருத்திய முறைகளுள் ஒன்று நமக்குப் பெரிதும் வியப்பளிக்கிறது. நாகபுரியைச் சார்ந்த மகுர்ஜரி முதலிய இடங்களில் எடுக்கப்பெற்ற கோடரிகள் துளையற்ற தட்டையான இரும்புகள். குறுக்கும் நெடுக்குமாகச் சென்ற இரும்புப் பட்டைகளே அவற்றைக் காம்போடு கட்டி நிறுத்தின. இரும்பில் நேரிய துளையிடுதல் எத்துணை அரிய தொழில் என்பதை அப்பட்டைகளே சொல்லும்.

இனி, இரும்பைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறவேண்டும். கோடரியின் விலையில் பெரும்பங்கு இதனைச் சார்ந்தது. இரும்பு என்று பொதுவாகச் சொல்லுவதெல்லாம் ஒன்றன்று. கரிச்சத்து ஏறக்குறைய இல்லாத தேனிரும்பு வளையும், அடித்தால் நீளும். ஆனால் எவ்வளவு காய்ச்சி நீரில் தோய்த்தாலும் கடினப்படாது. கரி மிகுந்த வார்ப்பிரும்பு கடினமானது. ஆயினும் ஓங்கி அடித்தால் ஓடுபோல் உடையும். இரண்டுக்கும் இடைப்பட்டது எஃகு. நூறு பங்கில் அரைப் பங்கு முதல் முக்கால் பங்கு வரை கரி கலந்த எஃகே கோடரிக்கு ஏற்றது. அதற்குக் குறைந்தால் வாய் மடங்கும். மிகவும் கூடினால் பல் பல்லாகத் தெறிக்கும்.

இவ்வெஃகும் தானாகக் கடினமாக இருப்பதில்லை. கொல்லர் அதனைச் செந்நிறமாகக் காயவைத்து, சட்டென்று எண்ணெயிலோ நீரிலோ அமிழ்த்துகிறார். இதனையே தோய்ச்சல் என்பர். எத்துணைச் சூடு வேண்டும் என்பதற்கு ஓர் எளிய குறி உண்டு. இரும்பு ஏறக்குறைய 770 பாகை சூட்டில் காந்தத்தால் ஈர்க்கப்படுந் தன்மையை இழக்கிறது. காந்தம் ஒட்டாத நிலைக்குச் சற்று மேலே சென்றபின் தோய்த்தலே முறை. அவ்வாறு தோய்த்த வாய் கண்ணாடி போல் கடினமும் கண்ணாடி போலவே நொறுங்குமியல்பும் உடையதாகும். ஆதலின் கொல்லர் அதனை மறுபடியும் மெல்லச் சூடேற்றி அதன் கடுமையைத் தணிக்கிறார். மெருகேற்றிய பரப்பின்மேல் அப்பொழுது நிறங்கள் ஒவ்வொன்றாய் ஓடும்: 220 பாகையில் வைக்கோல் மஞ்சள், பின்னர்ப் பழுப்பு, 275 அளவில் கத்தரிப்பூ நிறம், 300-ஐ அணுகுகையில் நீலம். சவரக்கத்திக்கு மஞ்சள் போதும். மரத்தில் மோதும் கோடரிக்கு அடி தாங்கும் தன்மையும் வேண்டுமாகலின், கத்தரிப்பூ நிறமும் நீலமும் சந்திக்கும் இடமே பொருந்தும். இந்நிறங்கள் விரைவில் ஓடி மறைவன. விளக்குவெளிச்சத்திற் பார்த்தால் ஏமாற்றும். ஆகவேதான் தோய்ச்சல் வேலையில் பழகிய கண்ணுக்கு இத்தனை மதிப்பு.

வண்ணம் பூசிய தலையில் இதை எப்படிச் சோதிப்பது? ஓர் அரத்தை எடுத்துச் செல்லுதலே வழி. வாயின் ஓரத்தில் அரத்தை மெல்ல இழுத்தால், அரம் சிறிதும் பற்றாது கண்ணாடிமேற் போவதுபோல் வழுக்கினால், அத்தலை மிகக் கடினம், கடுமை தணிக்கப்படவில்லை, கணுவில் பட்டால் தெறிக்கும். வெண்ணெயைச் சீவுவதுபோல் இழைத்தால், தோய்ச்சலே இல்லை, அல்லது அது எஃகே அன்று. சிறிது முயன்றாற்றான் பற்றும் என்ற நிலையே நன்று. அடுத்து, வாயிலிருந்து பின்புறம் நோக்கி அங்குலத்துக்கு ஓரிடமாக அரத்தை இழுத்துப் பார்த்தல் வேண்டும். இரண்டு மூன்று அங்குலத்துக்கு அப்பால் அரம் எளிதிற் பற்றத் தொடங்கினால், கொல்லர் வாயை மட்டும் கடினமாக்கிக் காம்புத்துளைப் பக்கத்தை மென்மையாக விட்டிருக்கிறார் என்று அறியலாம். இதுவே திறமையின் அடையாளம். துளையின் சுவர் கடினமாயிருப்பின் வெடித்துவிடும். கடைக்காரர் அரத்தைக் கண்டு முகஞ்சுளித்தால், வேறு கடை பார்ப்பதே நலம்.

நம் பக்கத்துப் பட்டறைகளில் கோடரிக்குரிய எஃகு பெரும்பாலும் லாரியின் அடியிலிருந்து வருகிறது என்றால் சிலர் வியப்பர். கழித்துப் போட்ட வில்பட்டைகளை வாங்கி, வெட்டிக் காய்ச்சி அடித்து, அரிவாளும் கோடரியும் செய்கின்றனர். இது மலிவுக்காகச் செய்யும் மட்டமான வேலை என்று எண்ணுதல் தவறு. வில்பட்டை எஃகில் கரி நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்று மேலாக உள்ளது. சுமையும் அதிர்ச்சியும் தாங்கவென்றே வடிக்கப்பெற்றது. குறை ஒன்றே: பல்லாண்டு லாரியில் உழைத்த பட்டையில் கண்ணுக்குப் புலனாகாத வெடிப்புகள் இருத்தல் கூடும். தலையை ஒரு கயிற்றில் தொங்கவிட்டுச் சிறு சுத்தியால் தட்டினால், வெடிப்பற்றது மணிபோல் நீள ஒலிக்கும். வெடிப்புடையது உடைந்த பானைபோல் மழுங்கி ஒலிக்கும். பானை வாங்குவதற்கு நம் பாட்டிமார் கையாளும் சோதனை இதுவே.

முற்காலத்தில் எஃகின் விலை மிகுதியாயிருந்தமையால், முழுத் தலையையும் எஃகினாற் செய்தல் எந்நாட்டிலும் வழக்கமன்று. தேனிரும்புப் பட்டையை நடுவில் மடித்துத் துளையாக்கி, மடித்த இரு நுனிகளுக்கும் இடையே ஒரு துண்டு எஃகை வைத்து, உலையில் வெண்சூடேற்றிச் சேர்த்தடித்து வாயாக்கினர். அமெரிக்காவில் 1826-ஆம் ஆண்டு தொடங்கி, கோடரிக்கென்றே பேர்பெற்ற காலின்ஸ் தொழிற்சாலையிலும் முதலில் இம்முறையே நடைபெற்றது. இவ்வகைத் தலையில் இரண்டு நன்மையுண்டு: வாய் கடினம், உடல் மென்மை. தீமை ஒன்று: சேர்த்தடித்த இடம் சரியாக ஒன்றாவிடின், அங்கேயே பிளக்கும். மேலும், சாணை பிடிக்கப் பிடிக்க எஃகுத் துண்டு தேய்ந்துபோனால், எஞ்சியிருப்பது பார்வைக்குக் கோடரி. பயனுக்கு வெறும் இரும்பு. ஆகவே இவ்வகைக் கோடரியின் வயது அதன் எஃகின் ஆழத்தைப் பொறுத்தது.

இனி உருவம். கோடரி கத்தியும் ஆகும், ஆப்பும் ஆகும். மரம் வெட்டுதற்கு வாயின் கோணம் 25 முதல் 30 பாகை வரை இருத்தல் போதும். விறகு பிளத்தற்கு அதனினும் அகன்ற கோணம் வேண்டும். கன்னங்கள் முற்றிலும் தட்டையாயிருந்தால் தலை மரத்துள் சிக்கிக்கொள்ளும். நடுவிற் சிறிது புடைத்திருப்பின் சிக்காமல் வெளிவரும். தலையின் எடையைப் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. கனத்த கோடரியே நன்றாக வெட்டும் என்று பலர் நினைக்கின்றனர். வீச்சின் ஆற்றல் எடையோடு நேராக வளர்கிறது. வேகத்தோடோ அதன் வர்க்கமாக வளர்கிறது. எடை இருமடங்கானால் ஆற்றல் இருமடங்கு. வேகம் இருமடங்கானால் நான்மடங்கு. தூக்கவே இயலாத தலையை வாங்கி மெல்ல வீசுவதினும், ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ வரையுள்ள தலையை விரைந்து வீசுதல் நாள் முழுதும் உழைப்பார்க்கு ஏற்றது. பிரசங்கியின் 10-ஆம் அதிகாரம் மழுங்கிய இரும்புக்கு அதிக பலம் செலவாகும் என்று சொல்லுவதும் இவ்விடத்து நினைக்கத்தக்கது.

வெட்டும் மரத்துக்கேற்ப உருவம் வேறுபடுதல் வேண்டும். தொல்காப்பியர் மரபியலில் புறத்தே வைரமுடையவற்றைப் புல் என்றும் அகத்தே வைரமுடையவற்றை மரம் என்றும் வகுத்தார். இஃது இலக்கணம் படிப்போர்க்கு மட்டுமன்றிக் கோடரி பிடிப்போர்க்கும் பயன்படும் பாகுபாடு. உடை, கருவேல் முதலியவற்றில் வெளியே வெளிறும் உள்ளே வைரமும் இருத்தலின், வெட்டத் தொடங்குகையில் எளிது, போகப்போகக் கடினம். பனையோ புறக்காழ். முதிர்ந்த பனையின் வெளிப்புறம் கரிய சிராம்புகள் நிறைந்து இரும்பையே எதிர்க்கும்; உள்ளே சோறு. மெல்லிய வாயுடைய கோடரியைப் பனையில் போட்டால் முதல் வீச்சிலேயே வாய் மடங்கும். ஆகவே பனைக்குச் சற்று அகன்ற கோணம் தேவை. (பனை வெட்டுதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு அறிவித்ததை வாசகர் அறிவர். நம் தேரிக்காட்டுப் பனைகளைப் பொறுத்தவரை இது காலந்தாழ்ந்த நல்ல காரியம்.)

காம்புத்துளையைப் பலரும் நோக்குவதில்லை. கொல்லர் ஒருவர் எம்மிடம், “ஐயா, வாங்க வருகிறவர் வாயைப் பார்க்கிறார், காம்பு போடுகிறவன்தான் ஓட்டையைப் பார்க்கிறான்” என்றார். வாயில் உள்ள குறையைச் சாணைக்கல்லால் ஓரளவு திருத்தலாம். துளை கோணலாயின் திருத்தமே இல்லை. தலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் துளையின் வழியாகப் பார்த்தல் வேண்டும். இருபக்கச் சுவர்களும் ஒரே கனமாயிருத்தல் முதல் இலக்கணம். துளையின் நடுக்கோடும் வாயும் ஒரே நேர்கோட்டில் அமைதல் இரண்டாவது. சுவரின் உட்புறத்தில் மடிப்போ கீறலோ காணப்படின், பட்டை சரியாகச் சேரவில்லை. அத்தலை ஆப்பு அடிக்கும்போதே வாய்விடும்.

துளையின் வடிவமும் இருவகை. ஒன்று, மண்வெட்டியிற் போல மேற்புறம் அகன்று கீழ்ப்புறம் குறுகியது. காம்பை மேலிருந்து நுழைத்து இழுத்தால், காம்பின் பருத்த தலை அதில் வந்து இறுகும். வீசும்போது தலை வெளிநோக்கிப் போக முயலுமாகலின், ஒவ்வொரு வீச்சும் அதனை மேலும் இறுக்குகிறது. கழன்று பறத்தல் எளிதன்று. மற்றொன்று, கீழிருந்து காம்பை நுழைத்து மேலே ஆப்படிப்பது. இதில் துளை நடுவிற் குறுகி இருபுறமும் சற்று விரிந்திருத்தல் வேண்டும். ஆப்பு காம்பின் நுனியை விரித்து அவ்விரிவை நிரப்பும். உட்புறம் குழாய்போல் ஒரே அளவாக இருந்தால் ஆப்புக்குப் பிடிமானமில்லை. மலிவான தலைகள் பலவற்றின் பெருங்குறை இதுவே.

காம்புக்கு வருவோம். நம் மொழியில் கோடரிக்காம்பு என்பது தன் இனத்தையே கெடுப்பவனுக்கு வைத்த பெயராகிவிட்டது. மரத்தை வெட்டுதற்கு மரமே துணையாயிற்று என்பது குற்றச்சாட்டு. காம்பின்மேல் இப்பழி சுமத்தியவர் தாம் கோடரி பிடித்தறியாதவராதல் வேண்டும். வெட்டுவோன் கையில் அதிர்ச்சி ஏறாமல் தாங்குவதும், தவறி விழும் அடியில் தான் முறிந்து அவனைக் காப்பதும் அதுவே. கருவேல், புளி, உசில், விடத்தலை முதலிய மரங்களின் முதிர்ந்த கட்டைகள் நம் பக்கத்தில் இதற்கு உதவுகின்றன. மரத்தின் பெயரைவிட நார் ஓடும் போக்கே முக்கியம். நார் நுனிமுதல் அடிவரை காம்போடு ஒத்து ஓடுதல் வேண்டும். குறுக்கே சாய்ந்து ஓடிப் பக்கத்தில் வெளியேறினால், அவ்விடத்தே முறியும். அறுவை வாளால் பலகையிலிருந்து அறுத்தெடுத்த காம்பைவிட, கட்டையைப் பிளந்து செதுக்கிய காம்பு வலியதாயிருத்தற்குக் காரணம் இதுவே. பிளவு நாரைப் பின்பற்றுகிறது, வாள் பின்பற்றுவதில்லை. துளைக்கு அருகே கணு இருந்தால் வேண்டாம். காம்புக்கும் வண்ணம் பூசியிருந்தால், கணுவையோ பிளவையோ மறைத்திருத்தல் கூடும் என ஐயுறுக.

வள்ளியூர்ப் பக்கத்தார் மற்றொன்றையும் கருதவேண்டும். தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகும் வறண்ட காற்று எத்துணை வலியதென்பதைப் பணகுடி முதல் முப்பந்தல் வரை நிற்கும் காற்றாலைகளே காட்டும். அக்காற்றில் மரம் ஈரத்தை இழந்து சுருங்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் இறுக்கிப் பொருத்திய காம்பு ஆனி ஆடியில் தளர்ந்து ஆடுவது இதனாலேயே. உடனே பலர் கோடரியை வாளித் தண்ணீரில் தலைகீழாக ஊறவைக்கின்றனர். மரம் பருத்து இறுகும் என்பது உண்மையே. ஆயினும், இரும்புச் சுவருக்குள் பருக்க இடமின்மையால் நார்கள் தம்மைத் தாமே நசுக்கிக்கொள்கின்றன; மறுபடியும் உலர்கையில் முன்னிலும் சிறுத்துப்போகின்றன. இன்று இறுகிய கோடரி ஒரு வாரத்தில் முன்னிலும் தளரும். ஆப்பை இறக்கி அடிப்பதும், பற்றாவிடின் புதிய ஆப்பு வைப்பதுமே முறையான பரிகாரம். காம்பை வறண்ட காலத்தில் பொருத்துதல் இன்னும் சிறந்தது. எண்ணெய் பூசுவோர் ஆளிவிதை எண்ணெயைப் பூசுக. அது காற்றில் உறைந்து படலமாகும். தேங்காயெண்ணெய் உறையாது, வழுக்க மட்டும் செய்யும்.

பொருத்தியபின் ஒரு சோதனை: வாயை மேலாக்கிக் காம்பின் அடியிலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால், வாய் காம்பின் நடுவில் ஒரே கோடாகத் தெரிதல் வேண்டும். இடமோ வலமோ சாய்ந்திருந்தால், ஒவ்வொரு வீச்சும் விலகும். மரத்தினின்று வழுகிக் காலில் விழும் கோடரிகள் பெரும்பாலும் இவ்வகையினவே.

விலையை எவ்வாறு மதிப்பது? ஒரு கோடரி 400 ரூபாய், மற்றொன்று 1,000 ரூபாய் என்று கொள்வோம். முன்னையது எட்டு மாதத்தில் வாய் தேய்ந்தோ துளை பிளந்தோ ஒழியுமாயின் மாதத்துக்கு 50 ரூபாய் ஆகிறது. பின்னையது ஐந்தாண்டு உழைக்குமாயின் மாதத்துக்கு 17 ரூபாயும் இல்லை. இடையில் காம்பு இருமுறை மாறினாலும் கணக்குப் பெரிதும் மாறாது. ஆனால் இக்கணக்கு 1,000 ரூபாயைக் கையில் வைத்திருப்பவனுக்கே பொருந்தும். நாட்கூலிக்காரன் மலிவானதை வாங்குவது அறியாமையாலன்று, அன்று அவன் கையில் அவ்வளவே இருப்பதால். அவனுக்கு நாம் சொல்லத்தக்கது, முழுக் கோடரியை வாங்காமல் தலையை மட்டும் நல்லதாக வாங்கிக் காம்பைத் தானே செதுக்கிக்கொள்ளுதல்.

அதனினும் மலிவான வழி ஒன்றுண்டு. பழைய இரும்புக் கடைகளில் துருவேறிய கோடரித் தலைகள் நிறுவைக்கு விலைபோகின்றன. அவற்றுள் சில, இன்று கடையில் தொங்குவனவற்றினும் மேலானவை. வாயருகே ஓரிடத்தைச் சாணையில் வெள்ளையாகும்வரை தேய்த்து, எலுமிச்சம்பழச் சாற்றைப் பூசிச் சிறிது நேரம் விட்டால், எஃகு கறுத்தும் தேனிரும்பு வெளுத்தும் தோன்றும். இரண்டும் கூடுமிடத்தில் ஒரு கோடு தெரியும். அக்கோட்டுக்கும் வாய்க்கும் இடையே ஓரங்குலத்துக்குமேல் கறுப்பு இருந்தால் அதனை வாங்கலாம். கோடே இன்றி முழுவதும் ஒரே கறுப்பாயின், முழுத் தலையும் ஒரே எஃகு. அரத்தாற் சோதித்து வாங்குக. முழுவதும் வெளுத்திருந்தால், எஃகு தேய்ந்துபோயிற்று. அது நிறுவை விலைக்கும் கோடரியாகாது.